கயிறு கட்டுறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸை யோசிங்க

இன்னிக்கு ஒரு கயிறு கதை.

போன கோடை லீவுல மதுரையில இருந்து திண்டுக்கல்லுக்கு வந்துட்டிருந்தோம். கொடைரோடு தாண்டினதும் சித்தப்பாவோட எஸ்யூவி சூடாகி நின்னுடுச்சு. ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருந்தது, அவ்வளவுதான். உச்சி வெயில். வண்டிக்குள்ள பாட்டி, ரெண்டு குட்டிப் பசங்க. மினி லாரி அண்ணன் ஒருத்தர் நிறுத்தி, "கயிறு இருக்கு தம்பி, திண்டுக்கல் வரைக்கும் இழுத்து விட்டுர்றேன்"னாரு. தெய்வமா தெரிஞ்சார். நியூட்ரல்ல போட்டு, நாலு சக்கரமும் தரையில உருள, ஊர் வந்து சேர்ந்தோம்.

ஹோஸ் மாத்த சில நூறு ரூபாய்தான். ஆனா கியர்பாக்ஸ் போயிருந்தது. அந்த பில் ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "ஆட்டோமேட்டிக் வண்டியை ஏண்ணே கயிறு கட்டி இழுத்தீங்க?"

விஷயம் இதுதான். மேனுவல் வண்டியில நியூட்ரல் போட்டா, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பல்சக்கரங்களே எண்ணெயை வாரி இறைச்சுக்கும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்ல எண்ணெயைத் தள்ளுற பம்ப் இன்ஜினோட ஓட்டத்துலதான் வேலை செய்யும். இன்ஜின் ஆஃப்னா பம்பும் ஆஃப். சக்கரம் மட்டும் உள்ளே இருக்கிற பாகங்களை வறட்டுத்தனமா சுத்த வைக்கும். எலெக்ட்ரிக் கார்ல இன்னொரு சிக்கல்: சக்கரம் சுத்தினா மோட்டாரும் சுத்தி, மின்சாரம் உற்பத்தியாகும்.

அமெரிக்காவுல மோட்டார்ஹோமுக்குப் பின்னாடி எஸ்யூவியை இப்படியே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துட்டுப் போறாங்களேன்னு கேப்பீங்க. அங்க கயிறு இல்லை, இரும்பு டோ பார். பின்னாடி வண்டிக்குத் தனி பிரேக் ஏற்பாடும் வெப்பாங்க. எல்லா வண்டியையும் கட்டவும் மாட்டாங்க. ஜீப் ரேங்ளருக்கு அங்க அவ்வளவு மவுசு ஏன்னா, அதோட டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனி நியூட்ரல் இருக்கு. அதைப் போட்டா கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துடும்.

நம்ம ஊர்ல 1989-ல வந்த சாலை விதிகள்லயே இழுக்குறதுக்குக் கணக்கு இருந்தது. பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோக மட்டும்தான் இழுக்கலாம். ரெண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்குள்ள. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள்ள. பின்னாடி வண்டியில லைசென்ஸ் உள்ளவர் உக்காரணும். நாங்க அன்னிக்கு அறுபதுல வந்தோம்!

இன்னொண்ணு. இன்ஜின் ஓடலைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங் கனக்கும். சாவியை உருவிட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு வர்ற வழியில அந்தப் பூட்டு மட்டும் வேண்டாம் மக்களே.

சரி, என்ன செய்யலாம்? முதல்ல ஆட்களை இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம், நிழல்ல நிக்க வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு போன் போடுங்க. இன்சூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தா, ஃப்ளாட்பெட் வண்டியே வேணும்னு சொல்லிக் கேளுங்க. ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், எலெக்ட்ரிக் மூணுக்கும் நாலு சக்கரமும் தரையை விட்டு மேல ஏறுறதுதான் பாதுகாப்பு.

அந்த லாரி அண்ணன் மேல தப்பே இல்லை. அவருக்குத் தெரிஞ்ச உதவியை மனசார செஞ்சார். எங்க வண்டியைத்தான் எங்களுக்குத் தெரியலை. அதனால இன்னிக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம், டேஷ்போர்டுல தூங்குற ஓனர்ஸ் மேனுவலை எடுத்து, இழுக்குறது பத்தின பக்கத்தை மட்டும் படிங்க. அப்படியே வீட்டுல கார் ஓட்டுற பெரியவங்களுக்கும் சொல்லிடுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.