மலைக் காப்பியைச் சேமித்தலும் சந்தை சேர்த்தலும்

(கீழ்ப்பழனி மலையின் சிறு தோட்டக்காரர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



காப்பிச் செடியை வளர்க்கும் விதத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்ல நான் வரவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் வசிக்கும் நீங்கள் அதை என்னிலும் நன்கறிவீர்கள். பறித்த பழம் அடிவாரத்திலுள்ள பட்டிவீரன்பட்டிப் பதனிடும் ஆலையை அடைவதற்குள் உங்கள் உழைப்பின் பலன் எவ்வாறு குறைந்து போகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலாவது சுமைக் கூலி. பழுத்த காப்பியில் பெரும்பாகம் சதையும் நீருமே. 100 கிலோ பழம் தோல் நீங்கி, கழுவப்பட்டு, உலர்ந்து பார்ச்மென்ட் ஆகும்போது ஏறத்தாழ 20 கிலோவே நிற்கும். பழமாகவே இறக்குபவர் மீதி 80 கிலோவுக்கும் வீணாகக் கூலி கொடுக்கிறார். பறித்த அன்றே தோல் நீக்காவிடில் பழம் புளித்துச் சுவையும் கெடும். ஒவ்வொருவரும் தனித்தனியே யந்திரம் வாங்குதல் இயலாத காரியம். பத்துக் குடும்பத்தார் கூடி, நீர் வசதியுள்ள இடத்தில் ஒரு பல்ப்பர் யந்திரம் அமைத்துக்கொள்வது இயலும். அதன் கழிவு நீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்குதல் அவசியம்.

இரண்டாவது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையும் அதன் பின் வரும் மூடுபனியும் நம் மலையில் அறுவடைக் காலத்தோடு கலந்தே வருகின்றன. பார்ச்மென்ட் 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த பிறகே சாக்கில் கட்டத் தக்கது. அதற்குமுன் கட்டினால் சாக்கினுள் வெப்பமேறிப் பூசணம் பிடிக்கும். சிலவகைப் பூசணங்களால் ஓக்ராடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. வறுத்த காப்பியில் அதற்குரிய வரம்பை ஐரோப்பிய யூனியன் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2023-ஆம் வருஷம் 3 ஆகக் குறைத்தது. ஆகையால் மண் தரையில் காயவைத்தலை விட்டு, சிமெண்டுக் களத்திலோ உயர்ந்த தட்டிகளிலோ பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்து மூட வேண்டும். மலையில் வெயில் தவறினால், சங்கத்தின் லாரியில் உடனே அடிவாரம் சேர்த்து அங்குள்ள களத்தில் பரப்புதல் நலம்.

மூன்றாவது கிடங்கு. காப்பி பிற வாசனையை எளிதில் ஈர்க்கும் இயல்புடையது. உரம், பூச்சிமருந்து, மிளகாய், மண்ணெண்ணெய் இவற்றுடன் அதை ஒரே அறையில் வைத்தலாகாது. மூட்டைகளைச் சுவரில் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்கி, காற்றோட்டத்துக்கு இடம்விட வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் ஈரக்காப்பியையே விற்றுவிடுகிறோமே, காரணம் யாது? கையில் பணமில்லை, பறிப்புக் கூலி அன்றன்றே கொடுத்தாக வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கு இணங்க நேரிடுகிறது. 1942-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்க் காப்பி போர்டு விளைச்சல் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து விற்றுவந்த முறை 1996-இல் நீங்கிற்று. அதுமுதல் எப்போது, யாருக்கு விற்பதென்பது உங்கள் இஷ்டம். ஆயினும் பொறுத்திருக்க வகையில்லாதவருக்கு அவ்விஷ்டத்தால் பயனில்லை. ஆகவே கிடங்கில் வைத்த சரக்கின் ஈட்டின்மேல் சங்கம் முன்பணம் தர வேண்டும். அவ்வாறன்றிக் கிடங்கு மட்டும் கட்டினால் அது காலியாகவே கிடக்கும். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களை மாத்திரமே அனுமதித்தது. விற்பனை முதலிய காரியங்களுக்கும் சங்கம் அமைக்க 1912-ஆம் வருஷத்துச் சட்டம் இடமளித்தது. அன்று திறந்த வழியை நாம் முழுதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று. பலருடைய சரக்கைக் கலந்து வைக்குமிடத்தில் ஒருவரது ஈர மூட்டை எல்லோரையும் கெடுக்கும். 10 சதவீத ஈரமுள்ள 50 கிலோ மூட்டையில் 45 கிலோ உலர்ந்த சரக்கு இருக்கும். 14 சதவீதமானால் 43 கிலோவே. அந்த 2 கிலோ ஏமாற்று மற்ற அங்கத்தினரின் நஷ்டமாகும். ஆதலால் தலைவரின் சரக்கானாலும் விதவையின் ஒரே மூட்டையானாலும், பலர் முன்னிலையில் எடையிட்டு, ஈரமானியால் சோதித்து, ரசீது கொடுத்த பின்னரே கிடங்கில் சேர்க்க வேண்டும். ஈரமிருந்தால் முகதாட்சிணியம் பாராமல் களத்துக்குத் திருப்புக.

அடுத்த பறிப்புக்கு முன்பாக ஒரு களம், ஒரு தராசு, ஓர் ஈரமானி, வாடகைக்கு ஓர் அறை இவ்வளவே தேடிக்கொள்ளுங்கள். பெரிய கட்டடம் பின்னர் வரலாம். உங்கள் சரக்கு உங்கள் கையில் இருக்கும்போதே விலை பேசும் நிலையை நீங்கள் அடைய வேண்டுமென்பதே என் விருப்பம்.