வெயில் நாளில் பெரியவர்களுக்கு ஒரு பட்டாலை



சித்திரை பாதி கடந்துவிட்டால் காரைக்குடி செக்காலைச் சாலையில் காலை பத்தரை மணிக்கே ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். கடைக்காரர்கள் படுதாவை இறக்கி விடுவார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்திலிருந்து வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு புத்திமதிதான்: “வெளியே போகாதீங்க.” மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் சொல்வார், மகள் சென்னையிலிருந்து சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். சொல்வது சரிதான். ஆனால் கான்கிரீட் கூரைக்கு அடியில், ஒற்றை மின்விசிறிக்குக் கீழே, பேச ஆளில்லாமல் ஒருவர் காலை முதல் மாலை வரை என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் பெரியவர்களுக்கு வேண்டியவை குளிர்ந்த இடம், கூட நாலு பேர், கைக்கு ஒரு வேலை. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

வயது ஏற ஏற உடம்பு தாகத்தைச் சரியாக உணர்த்துவதில்லை. தண்ணீர் குறைந்திருக்கும், நாக்கு வறண்டிருக்கும், ஆனாலும் “எனக்குத் தாகம் இல்லையே” என்பார்கள். வியர்வையும் முன்போல் சுரக்காது. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பிலிருந்து உப்பும் நீரும் இன்னும் வேகமாக வெளியேறும். அதனால் தாகத்துக்குக் காத்திராமல், மணிக்கு ஒரு தம்ளர் என்று யாராவது எடுத்துக் கொடுப்பது நல்லது. ஒரு சின்ன எச்சரிக்கை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், மோரில் எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், திறந்து பயன்படுத்தும் புட்டியை ஈரம் கசியும் மண்பானைக்குள் ஒரு சிறு டப்பாவில் வைத்தால் வெளிச்சூட்டிலிருந்து ஓரளவு காப்பாற்றலாம்.

இனி, வெயில் கொடுமையால் உலகம் கற்றுக்கொண்ட ஒரு பாடம். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் அடித்த அனலில் 739 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். அந்த நகரில் அடுத்தடுத்து இரண்டு பேட்டைகள். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக இருக்கும் முதியவர்களும் நிறைய. வெயிலும் ஒன்றே. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றின் சாவு விகிதம் மற்றதன் விகிதத்தில் பத்தில் ஒரு பங்குதான். எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்தார். சாவு குறைந்த பேட்டையில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் சந்தடி இருந்தது, முதியவர்கள் வீட்டை விட்டு இறங்கி மனிதர்களோடு இருக்க இடம் இருந்தது. பக்கத்துப் பேட்டையில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தபோதும் அதேதான். பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் தனியே இருந்தார்கள். அதன் பிறகு அங்கே ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அனல் நாளில் கூப்பிட்டு விசாரிக்கிறது.

பிள்ளைகள் கடல் கடந்து போய், பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கும் செட்டிநாட்டுக்கு இந்தக் கதை அந்நியமானதா? இல்லவே இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. இறந்த பின் கிடைக்கும் உதவி அது. இறக்காமல் காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அதற்கும் ஒரு வழி தொடங்கியிருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாய் செலவில் 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் திருச்சியில் முதலமைச்சர் அவற்றைத் தொடங்கி வைத்தார். முதியோர் இல்லம் வேறு, இது வேறு. காலையில் வந்து பகல் முழுவதும் இருந்து மாலையில் சொந்த வீட்டுக்கே திரும்பிவிடலாம். இயன்முறை சிகிச்சை, யோகா, படிக்கப் புத்தகம், விளையாட்டு, பேச்சுத் துணை எல்லாம் அங்கே உண்டு. கேரளத்தில் ‘பகல் வீடு’ என்று உள்ளாட்சிகள் நெடுங்காலமாகவே இப்படி நடத்துகின்றன. காரைக்குடியும் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆகவே இங்கேயும் ஒரு மையம் கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

செட்டிநாட்டில் இதற்குப் புதிதாகக் கட்டடம்கூட வேண்டாம். வெயிலை வெல்லத் தெரிந்த கட்டடங்கள் இங்கே தெருத் தெருவாக நிற்கின்றன. நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் ஓர் அடி உயரத்தில் உட்காரும் மேடையாகப் பட்டாலை. சுண்ணாம்பு அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், உள்ளங்கை வைத்தால் சில்லென்று இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் கட்டுகளைக் கடந்து பின்வாசல் தெரியும். அந்த நேர்கோட்டில்தான் காற்று ஓடும். வளவில் சூடேறிய காற்று மேலே போக, நிழலில் கிடந்த குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பல வீடுகள் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவாகி, ஒரு கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ திறப்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான்.

அந்தப் பட்டாலையில் முன்பு கோடைப் பகல் எப்படிக் கழிந்தது தெரியுமா? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மற்றதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கொட்டான் முடைவார்கள். பனங்குருத்தை வெட்டி வந்து, காயவைத்து, ஈர்க்கை உருவிவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் கீற்றுக் கீற்றாகக் கிழிப்பார்கள். பாதியைக் கொதிக்கும் சாயத்தில் போட்டுச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக எடுப்பார்கள். வெயில் காலத்தில் ஓலை விரைவில் முறுகி ஒடியும். அதனால் நனைத்த துணியில் சுருட்டி மடியோரம் வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் உருவி எடுப்பார்கள். அடிப்பாகம் சதுரமாக வரும். மூலையில் கீற்றை மடித்துத் திருப்புகிற இடம்தான் சூட்சுமம். அங்கே கை தளர்ந்தால் கொட்டான் கோணிக்கொள்ளும். விளிம்பை மடக்கி முடித்ததும், மணி கோர்ப்பார்கள், துணி வைத்துத் தைப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி அளவு குறைத்துக் குறைத்து ஓர் அடுக்கே முடைந்து கல்யாணச் சீருக்கு வைப்பார்கள்.

செக்காலையில் எண்பதை நெருங்கும் ஆச்சி ஒருவர் இன்னமும் முடைகிறார். கண்ணில் புரை, ஒரு கண்ணுக்கு அறுவை ஆகிவிட்டது. கோடை விடுமுறைக்கு வந்த மகள்வயிற்றுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்: “ஆயா, கண்ணு தெரியாம எப்படி இது வருது உங்களுக்கு?”

“கண்ணு எதுக்கடி? வெரலு பாத்துக்கும். நீ அந்தச் செவப்பு ஓலைய எடு.”

“இந்த வெயில்ல எதுக்கு ஆயா இதெல்லாம்?”

“சும்மா ஒக்காந்தாத்தான்டி வெயிலு தெரியும்.”

பேத்தி முடைந்த முதல் கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. ஆச்சி அதைப் பிரிக்க விடவில்லை. வெந்தயம் போட்டு வைக்கச் சொல்லிவிட்டார்.

கொட்டான் கலை மறைந்துவிடும் நிலைக்கு வந்ததும் உண்டு. ஆச்சிமார்கள் முடைவதை விட்டுவிட, பிளாஸ்டிக் கூடை வந்து உட்கார்ந்தது. விசாலாட்சி ராமசாமி தம் கலாசார அறக்கட்டளை வழியாகச் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தார். யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் அதற்குக் கிடைத்தது. ஆகவே கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, வாங்கவும் ஆள் உண்டு. ஒரு பகல் மையத்தில் வாரம் இரண்டு நாள் கொட்டான் என்று வைத்தால், விறைத்த விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எது? முட்டி வலிக்காரர்களை மட்டும் தரையில் உட்கார வைக்காமல் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டுக் கொடுக்க வேண்டும். விடுமுறைப் பிள்ளைகளையும் கூடவே உட்கார வைத்தால், செல்போனுக்கும் சற்று ஓய்வு.

முடைய விருப்பமில்லாதவர்களுக்குத் தாயக்கட்டம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம். வடகத்துக்குக் கூழ் கிண்டி விடியலிலேயே பிழிந்துவிட்டு, வெயில் ஏறுமுன் மாடியிலிருந்து இறங்கிவிடலாம். காக்கை விரட்டுகிற வேலையைப் பேரன்களிடம் ஒப்படைக்கலாம்.

படிக்கிறவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. 1917இல் இளைஞர்கள் சிலர் காரைக்குடியில் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதியார் வந்தார், சங்கத்தின் மேல் பாடினார், உறுப்பினர்களோடு உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, வீடு வீடாகக் கழித்துப் போட்ட புத்தகங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. பெரியவர்கள் கூடும் இடத்தில் காலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்தால் போதும், கண் மங்கியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த பழைய கடிதங்களை எடுத்துவரச் சொல்லிப் படிக்கவைத்தால், அந்தத் தெருவின் சரித்திரமே பேச்சில் வெளிவரும்.

கோடையின் தொடக்கத்தில் கம்பன் விழா இருக்கவே இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கியது. பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்த நாளில் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். முன் வரிசைகளில் நரைத்த தலைகளே மிகுதி. அவர்களை வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வேன் ஏற்பாடு செய்தால், நடக்க முடியாமல் ஒதுங்கிப்போன இன்னும் பலர் வருவார்கள்.

நேரம் ஓடுகிறது. பொழுதுபோக்கோடு நிற்காமல், அப்படி ஓர் இடத்தில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்தால் முடித்துத் தரக்கூடிய காரியங்களையும் சொல்லிவிடலாம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மனு எழுதத் தெரியாமல் விட்டவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. வயதில் மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது அதன் நோக்கம். வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். காரைக்குடிக்காரர்களுக்குக் கோட்டம் தேவகோட்டை. கவனித்துக்கொள்வதாகச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டவர்கள் உண்டு. அந்த நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால், தான பத்திரத்தை ரத்துச் செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்தச் சந்தேகத்துக்கும் முதியோர் உதவி எண் 14567. கட்டணம் கிடையாது. எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

செக்காலையில் பூட்டிய வீடு வைத்திருக்கும் பங்காளிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், பினாங்கில் இருந்துகூட. சித்திரை, வைகாசி இரண்டு மாதம், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, முகப்பையும் பட்டாலையையும் மட்டும் திறந்துவிட்டால் போதும். மண்பானையில் நன்னாரி வேர் போட்ட தண்ணீர், கைப்பிடி நாற்காலி ஒரு பத்து, வழுக்காத கழிப்பறை ஒன்று, முதலுதவி தெரிந்த ஒருவர். தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒரு நாள் என்று மதியச் சோற்றைப் பார்த்துக்கொள்வார்கள். வராதவர் வீட்டுக்குப் பதினொரு மணிக்கு ஒரு பையன் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டி, “ஐயா, ஏன் வரலை?” என்று கேட்டுவிட்டு வரட்டும். மாநகராட்சி அன்புச்சோலை கட்டும் வரை காத்திராமல், வருகிற கத்திரி வெயிலுக்குள்ளேயே ஒரு வீடாவது திறக்கும் என்று நம்பி விடைபெறுவோம்.