கேட்பவனும் பார்ப்பவனுமே சரக்கு

(ராசிபுரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

சென்ற வாரம் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறித் தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "டி.வி.யில் தினமும் நாடகம் பார்க்கிறோம். அதில் நடிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? நாம் கொடுக்கவில்லையே?" என்றார். நியாயமான கேள்வி. நாம்தான் கொடுக்கிறோம், தோழர்களே! அதுவும் இரண்டு தரம் கொடுக்கிறோம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

நம் பெரியவர்கள் 'சிலோன் ரேடியோ' என்பார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஒலிபரப்புக்காக இலங்கையில் சக்தி வாய்ந்த சிற்றலை நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். யுத்தம் முடிந்தது, நிலையம் இலங்கை சர்க்கார் கைக்கு வந்தது. சிற்றலை என்பது மேலே போய் வானில் மோதித் திரும்பி, கடல் தாண்டி விழும். அதற்குச் சுங்கச் சாவடி கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. 1950ல் அந்த நிலையம் வர்த்தக ஒலிபரப்பைத் துவக்கிற்று. விளம்பரம் வாங்கி, பாட்டுப் போட்டது.

இங்கே என்ன நடந்தது? 1952ல் டாக்டர் கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் அபிப்ராயம். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறுகிற்று. சேலத்தில், ஏற்காடு ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் 1956ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழில் முதல் வர்ணப் படம். நம் ஊரில் எடுத்த படத்தின் பாட்டைக் கேட்கவும் கொழும்புப் பக்கம் காதை நீட்ட வேண்டிய காலம் அது! மயில்வாகனத்தின் குரலுக்காக டீக்கடை வாசலில் கூட்டம் நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

கூட்டம் நின்ற இடத்துக்குக் கம்பெனிகள் வந்தன. பம்பாயில் ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். பினாகா கீத்மாலா அப்படி வந்ததுதான். பற்பசைக் கம்பெனியின் பணம் கொழும்புக்குப் போயிற்று. பற்பசையை வாங்கியவன் இந்தியன். கடைசியில் டில்லிக்குப் புத்தி வந்து 1957ல் விவித் பாரதி துவங்கியது. 1967ல் அதிலும் விளம்பரம் புகுந்தது. ஜனங்கள் ரசனையை இழிவாக நினைத்த மந்திரி, ஜனங்களைத் தூக்கி அடுத்த கடைக்காரனிடம் கொடுத்தார் என்பதே நம் கருத்து.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்திலிருந்து கூலிகளாகப் போய், இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்கள் பல லட்சம் பேர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக ஆக்கிற்று. கடலுக்கு இப்பால் இருந்த தமிழன் காதுக்குக் கொழும்பில் விலை இருந்தது. மலையிலே ரத்தம் சிந்திய தமிழனுக்கு ஓட்டு இல்லை!

இனி டெலிவிஷனுக்கு வருவோம். சென்னையில் தூர்தர்ஷன் 1975ல் வந்தது. அது சர்க்கார் நிலையம். 1993 ஏப்ரல் 14ல் சன் டி.வி. வந்தது, அது தனியார் கம்பெனி. இப்போது திசை மாறிவிட்டது. அன்று அங்கிருந்து இங்கே வந்தது. இன்று இங்கிருந்து இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. நம் ஊரிலிருந்து துபாய்க்குக் கட்டிட வேலைக்குப் போன பையனும் அதே நாடகத்தைத்தான் பார்க்கிறான். அவனிடமும் சந்தா உண்டு.

நாமக்கல்லில் கோழிப் பண்ணை வேலை செய்யும் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். முட்டையை அட்டைக்கு 30 என்று எண்ணி அடுக்கி, வளைகுடாவுக்கும் ஏற்றி அனுப்புகிறீர்கள். டெலிவிஷனிலும் அதே கணக்கு. ஆனால் அட்டையில் அடுக்கப்படுவது நாம்! இரவு 8 மணிக்கு இத்தனை லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினால், பத்து விநாடிக்கு இன்ன விலை என்று சோப்புக் கம்பெனி கொடுக்கும். அந்தப் பணத்தைச் சோப்பின் விலையில் சேர்த்து நம்மிடமே வாங்கும். முதல் தரம் அங்கே கொடுத்தோம்.

இரண்டாவது தரம் கேபிளுக்கு. 2011ல் சர்க்காரின் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. 2019 புதிய கட்டண முறையில் அடிப்படைக்கே 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் சொச்சம். கட்டணச் சானலுக்குத் தனி விலை. காசு கட்டிப் பார்க்கும் சானலிலாவது விளம்பரம் இல்லையா? இருக்கிறது. மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று கேபிள் விதிகளில் எழுதி வைத்தார்கள். கடிகாரம் வைத்துப் பார்க்கும் வேலையை நம் வாலிபர்கள் செய்யட்டும்.

எண்ணுவது யார் என்றும் கேட்க வேண்டும். 2020ல் நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று கணக்கிட்டார்கள். எண்ணும் கருவி வைத்திருப்பதோ சில பத்தாயிரம் வீடுகளில். அந்த வீடுகளை வைத்துத்தான் எல்லோருக்கும் கணக்கு. வாங்கும் சக்தி உள்ளவனுக்கு விலை அதிகம். நடவு நடும் பெண்ணின் தினக்கூலி என்ன என்று அரை மணி நேரம் பேசினால், அதற்கு விளம்பரம் கொடுக்க எந்த நகைக்கடை முன்வரும்? ஆகவே அந்தப் பேச்சு வருவதில்லை. யாரும் தடை போடவில்லை. விலை போகவில்லை, அவ்வளவுதான்.

நாடகம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டியவன் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டும். கேஸ்கர் செய்த தவறை நாம் செய்ய வேண்டாம். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அடுத்த மாதம் கேபிள்காரர் வரும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். எந்தச் சானலுக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளை எல்லாம் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.