வாடகைத் தாய்: எந்த நாட்டில் என்ன சட்டம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கடன் தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "வாடகைத் தாய்னு சொல்றாங்களே, அது சட்டப்படி சரியா, தப்பா? நிறையப் பணம் கிடைக்குமாமே?" சிலர் சிரித்தீர்கள். கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டார். அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

முதலில், வாடகைத் தாய் என்றால் என்ன? பிள்ளை இல்லாத தம்பதியின் கருமுட்டையையும் விந்தணுவையும் ஆஸ்பத்திரியில் வைத்துச் சேர்த்துக் கருவாக்குகிறார்கள். அந்தக் கருவை இன்னொரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். அவர் பத்து மாசம் சுமந்து பெற்றுக் கொடுக்கிறார். நாற்றங்கால் ஓரிடம், நடவு ஓரிடம் மாதிரிதான் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வயலுக்கு வாந்தி வராது, ரத்தப்போக்கு வராது, சிசேரியன் தையல் பிரியாது. அதனால் அந்த உதாரணம் நமக்கு வேண்டாம்.

சரி, பிள்ளை பிறந்துவிட்டது. அதற்கு அம்மா யார்? ஒவ்வொரு நாடும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது.

இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டு ஒரு பெண் பணம் வாங்கிக்கொண்டு குழந்தை பெற்றுக் கொடுத்தது பெரிய பரபரப்பானது. அதே ஆண்டே சட்டம் வந்தது. லாபத்துக்காகத் தரகு வேலை பார்ப்பது அங்கே குற்றம். எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்துக் கோர்ட்டில் குழந்தையைக் கேட்க முடியாது. பெற்றவள்தான் சட்டப்படி அம்மா. தம்பதி தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், பெற்றவளின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதத்தைப் பிரசவமாகி ஆறு வாரம் கழிவதற்குள் வாங்கினால் செல்லாது. உடம்பு தேறி, மனசு நிதானமாகி, அதற்கப்புறம் சொல்லட்டும் என்று கொடுத்த அவகாசம் அது. இந்த ஆறு வாரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். நியூ ஜெர்சி மாநிலத்தில், பத்தாயிரம் டாலருக்குத் தன்னுடைய கருமுட்டையிலேயே பிள்ளை பெற்ற பெண், கொடுக்க மனசில்லாமல் வழக்காடினார். 1988-ல் தீர்ப்பு வந்தது. பணத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, அவர்தான் தாய் என்றார்கள். ஆனாலும் வளர்க்கும் உரிமை அப்பாவுக்கே போனது, அவருக்குப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டும்தான். கலிபோர்னியாவில் 1993-ல் நேர்மாறான தீர்ப்பு: தம்பதியின் கருவைச் சுமந்தவர் தாய் இல்லை, பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தவர்தான் தாய் என்றார்கள். அங்கே பணம் கொடுப்பது சட்டப்படி சரி.

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் கூடவே கூடாது. இத்தாலியில் 2004-லிருந்தே தடை. 2024 அக்டோபரில் இன்னும் இறுக்கி, அந்த நாட்டுக்காரர் வெளிநாடு போய்ச் செய்துகொண்டாலும் குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

தங்கள் நாட்டில் முடியாதவர்கள், முடிந்தாலும் செலவு தாங்காதவர்கள் எங்கே போனார்கள்? ஏழைப் பெண்கள் இருக்கிற நாட்டுக்குத்தான். நம் நாட்டில் குஜராத்தின் ஆனந்த் நகரம் இதற்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பால் கூட்டுறவுக்குப் பேர்போன அதே ஆனந்த்தான். அங்கே 2008-ல் ஒரு ஜப்பான் தம்பதிக்காகப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்குள் தம்பதி விவாகரத்து வாங்கிவிட்டார்கள். அம்மா யார் என்றே தெரியாத நிலை. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், கடைசியில் பாட்டி வந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் இந்தத் தொழில் நடந்தது. 2015 நவம்பரில்தான் வெளிநாட்டுக்காரர்களுக்கு இல்லை என்று அரசு நிறுத்தியது.

தாய்லாந்தில் 2013-ல் இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. ஆஸ்திரேலியத் தம்பதி மற்ற குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டார்கள். பெற்ற பெண்தான் இந்தப் பையனை வளர்த்தார். 2015-ல் அந்த நாடும் வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. நேபாளத்தில் உள்ளூர்ப் பெண்கள் சுமக்கக் கூடாது என்பதால் நம் நாட்டுப் பெண்களையே அங்கே கூட்டிப்போனார்கள். 2015 பூகம்பத்தின்போது இஸ்ரேல் விமானம் அனுப்பிக் குழந்தைகளைப் பத்திரமாகக் கொண்டுபோனது. பெற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்று அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம்விடக் கம்போடியாவில் நடந்ததுதான் எங்களுக்கு அதிக வருத்தம். 2016-ல் அங்கே தடை வந்தது. 2018-ல் சீனத் தம்பதிகளுக்காகக் கர்ப்பமாக இருந்த 32 பெண்களைக் கைது செய்து, மனிதக் கடத்தல் என்று வழக்குப் போட்டார்கள். காவலில் இருக்கும்போதே பலருக்குப் பிரசவமானது. டிசம்பரில் ஜாமீனில் விட்டார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? 18 வயது வரைக்கும் அந்தப் பிள்ளையை அவர்களே வளர்க்க வேண்டும்! கடனை அடைக்கலாம் என்று போனவர்கள் பலர். தங்கள் ரத்தமில்லாத பிள்ளையோடு, வழக்கோடு, பழைய கடனோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். சட்டம் ஏழைப் பெண்ணைக் காப்பாற்றத்தான் என்று சொல்வார்கள். யாரைப் பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது, இல்லையா?

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணத்துக்காகப் பெற்றுக் கொடுப்பது நம் நாட்டில் குற்றம். மருத்துவச் செலவும் இன்சூரன்சும் சட்டம் அனுமதித்த மற்ற செலவும் தரலாம், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் 36 மாதத்துக்குப் போட வேண்டும். சுமப்பவருக்கு வயது 25 முதல் 35-க்குள் இருக்க வேண்டும், கல்யாணமாகிச் சொந்தப் பிள்ளையும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான். அவருடைய கருமுட்டையை எடுக்கக் கூடாது. பக்க விளைவு எல்லாவற்றையும் சொல்லி, அவருக்குப் புரிகிற மொழியில் எழுதித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கிலீஷ் பேப்பரை நீட்டி "சும்மா போடும்மா" என்றால் அதுவே தப்பு. பணத்துக்கு நடத்துகிற ஆஸ்பத்திரிக்கும் தரகருக்கும் 10 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சட்டத்துக்கு மாறாக ஒரு பெண் சுமந்ததாகவோ கருமுட்டை கொடுத்ததாகவோ வழக்கு வந்தால், கணவரோ உறவுக்காரரோ அந்தத் தம்பதியோ கட்டாயப்படுத்தியதாகத்தான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

பிடிக்காததும் உண்டு. கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்னால் வரைக்கும் "வேண்டாம்" என்று சொல்லலாம். வைத்த பிறகு பிள்ளை மேல் அவருக்குப் பேச்சே இல்லை. இங்கிலாந்தின் ஆறு வாரம் இங்கே ஆறு நாள்கூடக் கிடையாது. இன்னொன்று, டாக்டருக்குப் பீஸ் உண்டு, வக்கீலுக்குப் பீஸ் உண்டு. பத்து மாசம் சுமப்பவர் மட்டும் தர்மத்துக்குச் சுமக்க வேண்டும் என்கிறது சட்டம். பணத்தைத் திறந்துவிட்டால் ஆனந்தில் நடந்ததுதான் மறுபடி நடக்கும் என்று சொல்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. குழுவில் நீங்களும் பேசிப் பாருங்கள்.

கருமுட்டை கொடுப்பதற்கும் தனிச்சட்டம் இருக்கிறது. 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே தடவை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2022-ல் ஈரோட்டில் வெளியே வந்த வழக்கு ஞாபகமிருக்கும். 16 வயசுப் பெண்ணுக்குப் போலி ஆதாரில் வயதை ஏற்றி, பல தடவை எடுத்து விற்றார்கள்.

யாராவது உங்களிடமோ மகளிடமோ இப்படிக் கேட்டு வந்தால், ஆதார் நகலும் கையெழுத்தும் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பேப்பரோடு கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுத் தலைவியிடமோ எங்களிடமோ சொல்லுங்கள், கூட வருகிறோம்.