தோட்டம் விற்றால் வரி உண்டா?
(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய உரை)



சின்ன வெங்காயம், மஞ்சள், பாக்கு விற்ற பணத்துக்கு வருமான வரி இல்லை. இது உங்களுக்குத் தெரிந்ததே. பால், கோழிப் பண்ணை வருமானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்குச் சொல்ல வந்தது, தோட்டத்தையே விற்றால் என்ன ஆகும் என்பதுதான்.

"விவசாய பூமிதானுங்களே, வரி எங்கிருந்துங்க வரும்?" என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் கேட்பார்கள். கிராமத்து விவசாய பூமிக்கு வரி இல்லை என்பது மெய். ஆனால் எது கிராமம்? கோவை போல மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிய மாநகராட்சியானால், அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் பூமி சட்டப்படி கிராமத்துப் பூமி ஆகாது. 2011-ல் வடவள்ளி, வீரகேரளம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. எல்லை நம்மை நோக்கி நடந்து வந்துவிட்டது. தூரத்தை பஸ் போகிற ரோட்டை வைத்து அளப்பதில்லை, நேர்கோட்டில் அளக்கிறார்கள். ரோட்டு வழியில் 10 கிலோமீட்டர் இருக்கிற தோட்டம் நேர்கோட்டில் ஏழரையாகப் போகலாம். மக்கள்தொகை 10,000 உள்ள பேரூராட்சி எல்லைக்குள் பூமி இருந்தாலும் விலக்கில்லை. ஆகவே விலை பேசும் முன்பே, சர்வே நம்பரைக் குறிப்பிட்டுத் தாசில்தாரிடம் எழுத்து மூலம் தூரச் சான்று கேளுங்கள்.

வரி எவ்வளவு வரும்? அப்பாரு காலத்து 50 சென்ட் பூமி 60 லட்சத்துக்குக் கிரயமாகிறது என்று வையுங்கள். 2001 ஏப்ரல் 1-ந் தேதி அதன் மதிப்பு 3 லட்சம். லாபம் 57 லட்சம். நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் 7,12,500 ரூபாய். பென்ஷன் போல வேறு வருமானமும் இருப்பவர் இதை முழுக்கக் கட்ட வேண்டியிருக்கும். இதற்கு மேல் கூடுதல் வரியும் உண்டு. பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டால் தப்பலாம் என்று புரோக்கர் சொல்வார். கேட்காதீர்கள். வழிகாட்டி மதிப்புக்கு மிகவும் கீழே போனால், அந்த மதிப்பை வைத்தே வரி போடுவார்கள்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. விற்ற நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் அந்த லாபத்தைக் கொண்டு வேறு விவசாய பூமி வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்தின 2 வருஷமும் நீங்களோ உங்கள் தாய் தகப்பனோ அதில் வெள்ளாமை செய்திருக்க வேண்டும். நல்ல விலை வரட்டும் என்று பூமியைச் சும்மா போட்டு, அடங்கலில் தரிசு என்று ஏறிவிட்டால் சிக்கல்தான். புதுப் பூமியை விற்றவர் பெயரிலேயே வாங்குங்கள். ஆசையாக மகன் பெயரில் வாங்கி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். 3 வருஷம் அதை விற்கவும் கூடாது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பூமி அமையவில்லையா? மூலதன லாபக் கணக்கு என்று கேட்டுப் பணத்தை பாங்கியில் போட்டு வையுங்கள். சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்குக் கிடைக்காது.

கடைசியாக அட்வான்ஸ் விஷயம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. செக்காகவோ பாங்கி மூலமாகவோ வாங்கி, அக்ரிமெண்டில் அந்த நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள்.