செயின் கவர்

மோட்டார் சைக்கிளின் செயின் கவருக்கு இரண்டு வேலை: சேலை, வேட்டி, விரல் எதுவும் செயினில் சிக்காமல் தடுப்பது, செயினில் சேறும் மணலும் படியாமல் காப்பது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும், கடலின் உப்புக் காற்றும் சேரும் திருவனந்தபுரத்தில் தகரக் கவர் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு முதலில் அரிப்பது சேறு தங்கும் அடிப்பகுதியையும் போல்ட் துளைகளையும்தான்.

பிளாஸ்டிக் கவர் துருப்பிடிக்காது. ஆனால் அதிர்வால் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உட்புறம் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, ரப்பர் வாஷருடன் போல்ட்டை அளவாக முடுக்கலாம். தகரத்தில் மேல்துரு என்றால் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடித்தால் போதும். துளையே அரித்துப்போனால் புதுக் கவர்தான் வழி.

கவரின் உட்புறம் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால், செயின் தளர்ந்து உரசுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புதுக் கவரும் உடையும். செயினுக்கு இருக்க வேண்டிய தளர்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கவரை மாட்டியபின் என்ஜினை அணைத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். செயின் எங்கும் உரசாவிட்டால் வேலை முடிந்தது.