வெட்கம் வேறு, சட்டம் வேறு

(மல்லசமுத்திரத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியதிலிருந்து)



வழக்கமாக நான் வந்தால் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை, நோட்டு எழுதுவது பற்றித்தான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். தலையைக் குனிந்துகொள்ளாமல் கேளுங்கள்.

நம் குழு ஒன்றின் பிரதிநிதி, கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் தனியாக வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அவர் வீட்டுக்காரர் தறி வேலையாக வெளியூர் போயிருந்தார். இரவு பத்து மணிக்கு ஒரு போன். "உன் புருஷன் மசாஜ் சென்டர்ல மாட்டிக்கிட்டான். எனக்கு ஸ்டேஷன்ல ஆள் இருக்கு. பதினைந்தாயிரம் அனுப்பு. இல்லைன்னா காலையில பேப்பர்ல போட்டோ வரும்" என்றானாம் ஒருத்தன்.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது குழுப் பணம். மறுநாள் பாங்கில் கட்டவேண்டிய தவணை. அந்தம்மா யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம், "அவசரம், அனுப்பிக் குடு சாமி" என்று பணத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார்.

இதை என்னிடம் சொன்னபோது நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அவரு அங்க எதுக்குப் போனாரு?" என்று கேட்டேன். படித்தவள், சமூகப்பணியில் பட்டம் வாங்கியவள், முதலில் கேட்டது அதைத்தான். அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. அவர் என்னிடம் வந்தது புருஷனைப் பற்றிக் குறை சொல்ல இல்லை. குழுப் பணத்துக்கு வழி கேட்டு வந்திருந்தார்.

பிறகு விசாரித்தால் விஷயம் வேறு. போலீஸார் அந்த இடத்தைச் சோதனை போட்டது நிஜம். ஆனால் அவர் வீட்டுக்காரரிடம் பேர், விலாசம் எழுதிக்கொண்டு அன்று இரவே அனுப்பிவிட்டார்கள். அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை. பணம் கேட்டவனுக்கும் ஸ்டேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. பதினைந்தாயிரம் போனது வெட்கத்துக்குத்தான்.

"மசாஜுக்குப் போன ஆம்பளைக்கு நாம ஏன் சட்டம் படிக்கணும்?" என்று சிலர் நினைக்கலாம். புருஷனிடம் கேட்கவேண்டியதை வீட்டில் கேளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு போன் வருவது நம் கைக்குத்தானே? அங்கே வேலை பார்க்கிற பெண்ணும் நம்மைப் போல ஒரு வீட்டு மகள்தானே?

சட்டம் என்ன சொல்கிறது?

மசாஜ் செய்வதும் குற்றமில்லை, செய்துகொள்வதும் குற்றமில்லை. விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்வது 1956-ல் வந்த சட்டம். விபச்சார விடுதி நடத்துவது, அதற்கு இடம் கொடுப்பது, பெண்களை வைத்துச் சம்பாதிப்பது, ஆள் பிடித்துக் கொண்டுவந்து தள்ளுவது, இவற்றைத்தான் அது முக்கியமாகத் தண்டிக்கிறது. கோயில், பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களுக்கு 200 மீட்டருக்குள் நடந்தால் உடன் இருந்த ஆணுக்கும் தண்டனை உண்டு. பெண் 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால் 2012-ஆம் வருட போக்சோ சட்டம் வரும். அதில் யாருக்கும் சலுகை கிடையாது, கேட்கவும் கூடாது.

மசாஜ் சென்டர் சோதனையின்போது அங்கே இருந்த ஒருவர் மேல் போட்ட வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. அந்த இடத்தில் இருந்தார் என்பது மட்டுமே குற்றமாகாது என்பது அதன் சாரம். ஆனால் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல், பணம் கொடுத்துப் போகிறவர் மேலும் வழக்கு நடத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. அதனால் "ஒண்ணும் ஆகாது" என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வழக்கு வருமா, வராதா என்பது ஒரு பக்கம். வந்தாலும் வராவிட்டாலும் மனுஷனுக்கு உரிமை உண்டு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு விதிமுறைகள் சொன்னது. அவை பிறகு சட்டத்திலேயே ஏறின. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை இருக்கின்றன. பேர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. போன் வந்தால் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகளை மட்டும் மனசில் வையுங்கள்.

ஒன்று: "நீங்க யாருங்க, எந்த ஸ்டேஷன்?" கைது செய்கிற போலீஸார் பேர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். போனில் பேசுகிறவர் சொல்வதை அப்படியே நம்பாமல், ஸ்டேஷன் நம்பரை நாமே தேடிப் பேச வேண்டும், அல்லது 112-ஐக் கூப்பிட வேண்டும். போனிலேயே கைது செய்கிற "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

இரண்டு: "கைதுங்களா, விசாரணைங்களா?" ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. தேவையில்லை என்றால், இன்ன தேதியில் வரவேண்டும் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும்.

மூன்று: "என்ன காரணம், எந்தப் பிரிவு?" கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டு ஆளோ ஊரில் மதிப்புள்ளவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டாருக்குத் தகவல் கொடுப்பது போலீஸாரின் கடமை. விசாரணையில் போலீஸாரிடம் சொல்கிற வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. வெற்றுத் தாளில் எப்போதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு: "கோர்ட்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?" பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

ஐந்து: "வக்கீலைப் பார்க்கலாமுங்களா?" பார்க்கலாம். விசாரணை நேரத்திலும் வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு.

இதில் எங்கேயாவது பணம் வருகிறதா? இந்த மாதிரி வழக்கில் அபராதம் விதிப்பது நீதிமன்றம். நடுவில் நிற்கிற புரோக்கர் இல்லை. ரசீது இல்லாத பணத்துக்கு நம் குழுவிலேயே கணக்கு கிடையாதே, அங்கே மட்டும் எப்படி வரும்?

இதையெல்லாம் மரியாதையாகவே கேட்கலாம். "ஐயா, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேனுங்க" என்று கேளுங்கள். ஓடுவது, தள்ளுமுள்ளு செய்வது, பொய்ப் பேர் சொல்வது, இதெல்லாம் இல்லாத வழக்கை உண்டாக்கிவிடும்.

அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு

நம் பிள்ளைகள் அழகு நிலையத்திலும் மசாஜ் சென்டரிலும் கௌரவமாக வேலை பார்க்கிறார்கள். இந்தச் சட்டத்தில் சோதனை போடும்போது குறைந்தது இரண்டு பெண் போலீஸ் கூட வர வேண்டும். அங்கிருந்து அழைத்துப்போகும் பெண்ணைப் பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும். அவர் இல்லை என்றால், அங்கீகாரம் பெற்ற நல அமைப்பின் பெண் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவள் இருக்கிற இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவளே விரும்பினால் போகலாம்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. பாலியல் தொழிலில் இருக்கிற பெண்ணாகவே இருந்தாலும் அவளும் மனுஷி, அவளை மரியாதையாக நடத்த வேண்டும், சோதனையின்போது அவள் படத்தையோ பேரையோ வெளியிடக் கூடாது என்றது. "பேப்பர்ல போட்டோ வரும்" என்று மிரட்டுகிறவனுக்கு இதுவும் ஒரு பதில்.

நாம் செய்ய வேண்டியது

1987-ஆம் வருடச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கைதாகிக் காவலில் இருக்கிற ஆணுக்கும் உண்டு. திருச்செங்கோட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு, நாமக்கல்லில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. போன் 15100. பெண்களுக்கு உதவி எண் 181. இந்த எண்களைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்தப் பிரதிநிதி அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, பணத்தை எடுத்ததை ஒளிக்காமல் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஊக்குநர் அக்கா, "எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே கண்ணு" என்றார். அந்தப் பணத்தை அவர் பேரில் உள்கடனாக எழுதினார்கள். மாதாமாதம் கட்டி வருகிறார். வீட்டுக்காரரிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. அது அவர் குடும்ப விஷயம், நாம் தலையிடவில்லை.

பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் இருந்துகொண்டு, அந்த இரவில் அவர் தனி ஆளாக நின்றார். அடுத்த முறை நம்மில் யாருக்கு அப்படி ஒரு போன் வந்தாலும், பணம் அனுப்புவதற்கு முன்னால் குழுவில் ஒருத்தரை எழுப்புங்கள். எழுப்பப்பட்டவர், "எதுக்குப் போனாரு" என்று என்னைப் போலக் கேட்காமல், "எந்த ஸ்டேஷன்?" என்று கேளுங்கள்.